பாடமறிந்து படித்தல்

கலைப் பாடங்கள் எளியவை என்ற நம்பிக்கை நம்மவரிடையே நெடுங்காலமாக வேரூன்றிக் கிடக்கிறது. கணிதம் வராதவனுக்குப் புவியியல். விஞ்ஞானம் கைகூடாதவளுக்குத் தமிழும் வரலாறும். இவ்வாறுதான் பெற்றோரும், சிலவேளை ஆசிரியரும், க.பொ.த. உயர்தர வகுப்பின் வாயிலில் நிற்கும் பிள்ளைக்கு வழி சொல்லுகின்றனர். மன்னார்க் கரையோரத்துச் சிற்றூர்கள் பலவற்றில் இந்த வழிகாட்டலுக்கும் தேவை இருப்பதில்லை. அருகிலுள்ள பாடசாலையில் இருக்கின்ற பிரிவு கலைப்பிரிவு ஒன்றே. ஆகவே பிள்ளை கலை படிக்கிறது. விரும்பிச் சேர்ந்தோரும் வேறு வழியின்றிச் சேர்ந்தோரும் ஒரே வாங்கில் அமர்கின்றனர். முதலாந் தவணை முடியுமுன்னரே இரு சாராரும் ஓர் உண்மையைக் கண்டு திகைக்கின்றனர். எளிதென்று சொல்லப்பட்ட பாடம் எளிதாயில்லை!

மன்னார்த் தீவிலும் பெருநிலத்திலும் கலைப்பிரிவு மாணவர்க்குக் கற்பித்த ஆண்டுகளில் நான் அடிக்கடி கேட்ட முறையீடு ஒன்றுண்டு. “விடிய விடியப் படிச்சனான் சேர், பேப்பரைக் கண்டதும் ஒண்டும் வரேல்லை.” இதைச் சொன்னவர்கள் சோம்பேறிகள் அல்லர். குறிப்புக் கொப்பியை மும்முறை நாமுறை பிரதி செய்தவர்கள். முக்கிய வரிகளுக்கெல்லாம் சிவப்புக் கோடும் பச்சைக் கோடும் இட்டவர்கள். உழைப்பிலே குறைவில்லை. ஆனால் தமிழையும் வரலாற்றையும் அளவையியலையும் புவியியலையும் அவர்கள் ஒரே விதமாகவே படித்தார்கள்: குறிப்பை எழுதுதல், கோடிடுதல், திரும்பத் திரும்ப வாசித்தல், மறுநாள் ஒப்புவித்தல். பாடங்கள் நான்கு, படிக்கும் வழி ஒன்று. இடர்ப்பாடு அங்கேதான் இருக்கிறது என்பது என் துணிபு.

இதற்கு மருந்தென்று அண்மைக் காலத்தில் ஆசிரியர் பயிற்சிக் கூடங்களிலும் கருத்தரங்குகளிலும் ஒரு கொள்கை பெரிதும் ஓதப்பட்டு வந்தது. மாணவருள் சிலர் கண்வழிக் கற்போர், சிலர் செவிவழிக் கற்போர், சிலர் கையால் செய்து கற்போர். ஒவ்வொருவரும் எவ்வகையினர் என்று கண்டறிந்து, அவ்வகைக்கேற்பக் கற்பித்தால் கல்வி சிறக்கும் என்பது அக்கொள்கை. கேட்பதற்கு இனிமையானது, பிள்ளையின் தனித்தன்மையை மதிப்பது போன்ற தோற்றமும் உடையது. ஆனால் 2008இல் அமெரிக்க உளவியலாளர் பாஷ்லரும் அவருடன் மூவரும் இக்கொள்கைக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, அதனை நிலைநாட்டப் போதிய சான்று இல்லை என்றே முடிவு கூறினர். படம் பார்க்க விரும்பும் பிள்ளையும் பாட்டுக் கேட்க விரும்பும் பிள்ளையும் இல்லையென்பதன்று இதன் பொருள். விருப்பம் வேறு, கற்றல் வேறு. படத்தை விரும்பும் பிள்ளையாயினும் செய்யுளின் ஓசையைச் செவியாலேதான் அறிய வேண்டும். பாட்டை விரும்பும் பிள்ளையாயினும் நிலப்படத்தைக் கண்ணால் பார்த்துக் கையால் வரைந்தேதான் அறிய வேண்டும். இங்கே வழியை வகுப்பது பிள்ளையின் வகையன்று, பாடத்தின் இயல்பு.

மன்னார்ப் பிள்ளைகளுக்கு இதனை விளக்க நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. பேசாலையிலோ வங்காலையிலோ தாழ்வுபாட்டிலோ ஒரு மீனவரைக் கேட்டால் போதும். சூடைக்கு ஒரு வலை, நண்டுக்கு ஒரு வலை, திருக்கைக்கு ஒரு வலை. கரைவலை இழுப்பதற்கு வேறொரு முறை. ‘நான் சூடைவலைக்காரன், எனக்கு இந்த வலைதான் பிடிக்கும்’ என்று சொல்லிக்கொண்டு அதே வலையோடு திருக்கைக்குப் போகிறவரை அவ்வூர்ச் சிறுவனும் நகைப்பான். மீனையறிந்து வலையெடுக்கும் தந்தையின் மகன், எல்லாப் பாடத்துக்கும் ஒரே வலையை வீசிவிட்டு வெறுங்கையோடு கரைக்கு வருவதுதான் நம் கல்வியின் அவலம்.

மாணவரை வகைப்படுத்தல் தமிழுக்குப் புதிதன்று. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த நன்னூல், அன்னமும் பசுவும் போல்வாரைத் தலைமாணாக்கர் என்றும், மண்ணும் கிளியும் போல்வாரை இடைமாணாக்கர் என்றும், ஓட்டைக் குடம், ஆடு, எருமை, பன்னாடை போல்வாரைக் கடைமாணாக்கர் என்றும் பிரிக்கிறது. சொல்லிக் கொடுத்ததைப் பிழையின்றித் திருப்பிச் சொல்லும் கிளியை அந்நூல் இடையிலேதான் வைத்தது என்பதை நம் குறிப்புக் கொப்பிப் பண்டிதர்கள் கவனித்தல் நலம். அதனினும் சிறந்த செய்தியொன்று அந்நூலில் உண்டு. ஆசிரியர் சொன்னதை முழுமையாக ஏற்றுக்கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது கல்வியில் காற்பங்குதான். உடன்கற்போரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கு. பிறருக்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு. கேட்டதை நினைத்தல், வினாவுதல், வினாவியதற்கு விடை சொல்லல் என்பனவும் நூல் பயிலும் முறைகளாக அங்கே அடுக்கப்பட்டுள்ளன. அரைப்பங்கு கல்வி பிறருக்குச் சொல்வதில் இருக்கிறது என்று எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே எழுதிவைத்த மொழியில், வாய் திறவாமல் குறிப்பெடுக்கும் வகுப்பறைகளை நாம் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

இனி ஒவ்வொரு பாடமும் நம்மிடம் எதைக் கேட்கிறது என்பதைப் பார்ப்போம்.

தமிழ் இலக்கியம் குரலைக் கேட்கிறது. செய்யுளை ஊமைப் பார்வையால் வாசித்துவிட்டு அதன் நயத்தை எழுதப் புகுவது, மத்தளத்தைக் கண்ணால் பார்த்துத் தாளம் கற்க முனைவதை ஒக்கும். மன்னார் மண்ணில் இதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. வடபாங்கு, தென்பாங்கு என்ற இருவகைக் கூத்து மரபு இம்மண்ணுக்குரியது. தென்பாங்கை மாதோட்டப் பாங்கு என்றே வழங்குவர். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மன்னார்ப் பகுதியின் கூத்து ஏடுகள் சிலவற்றைப் பதிப்பித்தமையால், ஊர்ப்புற அண்ணாவிமாரின் கலை பல்கலைக்கழக மேசைக்கும் வந்தது. எழுத்தறிவு மிகுதியாக இல்லாதவரும் இரவு முழுவதும் நீளும் கூத்திலே தமக்குரிய பாட்டையும் வசனத்தையும் தவறாது சொன்னார்கள். அவர்கள் எவ்வாறு கற்றனர்? அண்ணாவியார் பாடக் கேட்டனர், தாமே பாடினர், உடன் நடிப்போர் பாடும்போது தம் முறைக்குக் காத்து நின்றனர், பிழைத்த இடத்தில் திருத்தம் பெற்றனர், வாரங்கள் இடைவிட்டு மீண்டும் பாடினர். அதே குடும்பத்தில் பிறந்த பிள்ளை உயர்தர வகுப்பிலே செய்யுட் பகுதியைக் கண்டு அஞ்சுகிறதென்றால், பிள்ளையின் திறமையை ஐயுறுவதற்குமுன் நாம் கற்பிக்கும் முறையை ஐயுற வேண்டும். செய்யுளை முதல்நாள் வாய்விட்டுப் படித்தல், சீர் பிரித்துப் பொருள் கொள்ளல், உரையைப் பாராது தன் சொல்லிலே பொருள் எழுதுதல், அதன் பின்னரே உரையோடு ஒப்பிடல்: இலக்கியத்துக்கு இந்த ஒழுங்கு வேண்டும். உரையில் தொடங்கும் மாணவன் செய்யுளுக்கு வந்துசேர்வதேயில்லை.

வரலாறோ சாட்சி விசாரணையைக் கேட்கிறது. ‘மாந்தை பண்டைக்காலத் துறைமுகம்’ என்று குறிப்பில் ஒரு வரி இருக்கும். மாணவன் அதை மனனஞ் செய்வான். இரு புள்ளிகளும் பெறுவான். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னே எத்தனை சாட்சிகள் நிற்கின்றன! மகாவம்சம் அத்துறையை மகாதித்த என்று சொல்கிறது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரப் பதிகங்கள் மாதோட்டத்தைப் போற்றுகின்றன. 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் முதலானோர் அங்கு அகழ்ந்தனர். போரினால் அப்பணி நின்றது. அவ்வகழ்வின் அறிக்கை 2013இலேதான் நூலாக வெளிவந்தது. சீனத்து மட்பாண்டங்களும் மேற்காசியாவின் மெருகிட்ட கலங்களும் அம்மண்ணிலிருந்து கிடைத்தன. பின்னர் 2009, 2010ஆம் ஆண்டுகளில் நடந்த அகழ்வில் கரிந்த மிளகுகளோடு ஒரேயொரு கிராம்பும் கிடைத்தது. கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்டதென அதன் காலத்தைக் கணித்து 2018இல் ஆய்வாளர் வெளியிட்டனர். கிராம்பின் தாயகம் இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள். அங்கிருந்து மாந்தைக்கு அது எவ்வாறு வந்தது? யார் கப்பலில் வந்தது? யார் வாங்கினார்? இவ்வினாக்களைக் கேட்கும் மாணவன் வரலாற்றைப் படிக்கத் தொடங்கிவிட்டான். நாளாகமம் சொல்வது ஒன்று, பதிகம் சொல்வது ஒன்று, மண் சொல்வது ஒன்று. எந்தச் சாட்சி எதற்குப் பதில் தரும், எதற்குத் தராது என்று பிரித்தறிவதே அப்பாடத்தின் உயிர்.

இவ்விசாரணை எப்பொழுதும் கிராம்பைப் போல மணப்பதில்லை. 1544இல் மன்னாரில் புதிதாகக் கிறிஸ்தவம் தழுவியோர் யாழ்ப்பாண அரசனின் ஆணையால் கொல்லப்பட்டனர். தோட்டவெளியில் அவர்கள் நினைவு இன்றும் போற்றப்படுகிறது. போர்த்துக்கேயர் காலத்துக் கடிதங்களும் சமயத் தொண்டர் பதிவுகளும் அதனை ஒரு நோக்கிலே காண்கின்றன. ஒல்லாந்தர் காலத்தில், நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளின் பின், மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை வேறொரு நோக்கிலே காண்கிறது. யார் எழுதினார், எப்பொழுது எழுதினார், யாருக்காக எழுதினார் என்ற மூன்று வினாக்களைக் கேளாமல் இவற்றுள் எதனையும் மனனஞ் செய்வது வரலாற்றுக் கல்வியாகாது.

இன்னும் அண்மையில் வருவோம். 1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் பரம்பரையாக வாழ்ந்தோர் கைப்பொருளும் இன்றிக் கடல்வழியே புத்தளம் நோக்கிப் போயினர். அவர்களுட் சிலர் பல்லாண்டுகளின் பின் மீண்டனர். போரின் இறுதி ஆண்டுகளில் மன்னார்ப் பெருநிலத்துத் தமிழ்க் குடும்பங்களும் ஊர் ஊராக இடம்பெயர்ந்தன. இரு தரப்பாரின் பேரப்பிள்ளைகளும் இன்று கல்வி பெறும் வயதினர். ஒரு பிள்ளையின் வீட்டிலே சொல்லப்படும் கதை மற்றப் பிள்ளைக்குத் தெரியாது. வரலாற்றைத் தயாரித்த விடையாக ஏற்றுப் பழகிய மாணவன், அயலான் தன் கதையைச் சொல்லும்போது அதைப் பிழையென்று தள்ளுவான். வரலாற்றைச் சாட்சியமாகக் கேட்டுப் பழகியவன் அமர்ந்து கேட்பான். படிக்கும் முறை பரீட்சைப் புள்ளியோடு நின்றுவிடும் செய்தியன்று என்று நான் வற்புறுத்துவது இதனாலேயே. மூன்று சமயத்தார் கூடி வாழும் ஒரு சிறு தீவிலே, கேட்கத் தெரிந்த தலைமுறையும் கேட்கத் தெரியாத தலைமுறையும் வகுப்பறையிலேதான் உருவாகின்றன.

அளவையியல் வேறொரு குணமுடையது. அது வாசிக்கப்படும் பாடமன்று; செய்யப்படும் பாடம். கதைப் புத்தகம்போல அதைப் பத்து முறை வாசித்தாலும் பயனில்லை. பத்துக் கணக்கைத் தாளிலே தானே செய்து பார்த்தால் பயனுண்டு. வகுப்பிலே நான் சொல்லும் உதாரணம் கட்டுக்கரைக் குளம். ‘முருங்கனில் பெருமழை பெய்தால் கட்டுக்கரைக் குளத்தில் நீர் உயரும். கட்டுக்கரைக் குளத்தில் நீர் உயர்ந்திருக்கிறது. ஆகவே முருங்கனில் பெருமழை பெய்தது.’ இவ்வாதம் சரியா என்று கேட்டால் வகுப்பில் பாதிப்பேர் சரி என்பர். விளைவைக் கண்டு காரணம் இதுவேயென்று துணியும் போலி இது என்று பெயர் சொல்லி மனனஞ் செய்வித்தால் மறுவாரம் மறந்துபோகும். அடம்பனிலிருந்து வரும் கமக்காரன் மகளோ உடனே எழுந்து மறுப்பாள். அருவியாற்று நீரைத் தேக்கம் அணையில் மறித்து வாய்க்கால் வழியே அக்குளத்துக்குக் கொண்டுவருகிறார்கள் என்பது அவள் அறிந்தது. அவ்வாறு அனுராதபுரப் பக்கத்திலிருந்து வருவது. அங்கே மழை பெய்தாலும் இங்கே குளம் உயரும். அவள் அறிவிலே ஏற்கெனவே இருக்கும் ஒன்றின்மேல் அளவையியல் ஏறி உட்காருமாயின் பின்னர் இறங்காது.

புவியியலுக்கும் இது பொருந்தும். வாடையும் சோளகமும் எப்போது வீசும், எந்தக் காற்றுக்கு எந்தக் கரையில் கடல் அமைதியாக இருக்கும் என்பதைக் கடற்கரைப் பிள்ளை தந்தையிடம் கற்றுவிடுகிறது. பாடநூலிலே வடகீழ்ப் பருவக்காற்று, தென்மேற் பருவக்காற்று என்று வாசிக்கும்போது அவை தன் வீட்டு வாடையும் சோளகமும்தான் என்று அதற்கு யாரும் சொல்வதில்லை. நிலப்படத்தை நூலில் பார்ப்பதோடு நில்லாது, நூலை மூடிவைத்து நினைவிலிருந்து தலைமன்னார் முதல் அரிப்பு வரை கரையை வரைந்து, பின் நூலைத் திறந்து பிழை காணும் பிள்ளை ஒரு மணி நேரத்தில் கற்பதை, வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை ஒரு வாரத்திலும் கல்லாது.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். ‘பரீட்சை கேட்பது விடையை, விசாரணையை அன்று. மனனஞ் செய்தவனே சித்தியடைகிறான். கடலுக்கும் வயலுக்கும் போய்வந்து படிக்கும் ஏழைப் பிள்ளைக்கு இத்தனை விதமாகப் படிக்க நேரம் ஏது?’ இத்தடையை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். மனனத்தைப் பழிப்பது இக்காலத்தில் ஒரு நாகரிகமாகிவிட்டது, அது தவறு. செய்யுளும் ஆண்டுகளும் இலக்கண விதியும் நெஞ்சில் இல்லாதவன் எதைக்கொண்டு சிந்திப்பான்? ஆனால் மனனத்துக்கும் சரியான வழி வேண்டும். 1885இல் ஜேர்மனிய அறிஞர் எபிங்ஹவுஸ் தம்மையே பரிசோதித்து, கற்றதிலே பெரும்பகுதி மிக விரைவில் மறந்துபோகிறதென்றும், இடைவெளிவிட்டு மீளக் கற்றால் உழைப்புக் குறைகிறதென்றும் காட்டினார். 2006இல் அமெரிக்காவில் ரோடிகரும் கார்ப்பிக்கேயும் மாணவரைப் பிரிவுகளாக்கிச் சோதித்தனர். ஒரு பிரிவினர் பாடத்தைத் திரும்ப வாசித்தனர். மறுபிரிவினர் பாடத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடத்தின்பின் கேட்டபோது திரும்ப வாசித்தவரே முந்தினர். ஒரு வாரத்தின்பின் கேட்டபோதோ மூடிவைத்து எழுதியவர் முந்தினர். ‘விடிய விடியப் படித்தேன், ஒன்றும் வரவில்லை’ என்ற முறையீட்டுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுமா? திரும்ப வாசிக்கும்போது பாடம் பழகிய முகம்போலத் தோன்றுகிறது; பழகிய முகத்தை நாம் அறிந்த பொருளென்று மயங்குகிறோம்.

ஆகவே நேரமில்லாத பிள்ளைக்கே இம்முறைகள் மிகுதியும் வேண்டியவை. நான்கு முறை பிரதி செய்யும் நேரத்தில் ஒருமுறை வாசித்து, நூலை மூடி, நினைவில் உள்ளதை எழுதி, விடுபட்டதைச் சரிபார்த்து, மூன்று நாளின்பின் மீண்டும் அதையே செய்யலாம். ஒரு தோழிக்கோ தம்பிக்கோ அதை எடுத்துச் சொல்லலாம். விடத்தல்தீவிலிருந்து மன்னாருக்குப் பேருந்தில் வரும் இரு மாணவியர் ஒருவரையொருவர் வினவிக்கொண்டு வருவதற்குப் பணமும் வேண்டாம், மேசையும் வேண்டாம்.

நூலில்லை என்ற குறையும் முன்போலக் கடுமையாக இல்லை. 2005இல் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ என்னும் மின்னூலகம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் ஆயிரக்கணக்கில் இலவசமாக வாசிக்கத் தருகிறது. கையிலுள்ள தொலைபேசியிலே பழைய நூலொன்றின் பக்கத்தைத் திறந்து, ஆசிரியர் தந்த குறிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கும் மாணவன், குறிப்பு நூலன்று என்ற பேருண்மையைத் தானே கண்டுகொள்வான். அவ்வாறு கண்டவனுக்குப் பல்கலைக்கழகத்தின் முதலாண்டு அச்சம் தராது. யாழ்ப்பாணத்துக்கோ பேராதனைக்கோ போய், குறிப்புத் தருவாரின்றி ஒரு நீண்ட நூற்பட்டியலை மட்டும் பெற்றுத் திகைத்து நிற்கும் மன்னார்ப் பிள்ளைகளை நான் அறிவேன். அவர்களைத் திகைக்கவைப்பது அறிவுக்குறையன்று. பதின்மூன்று ஆண்டும் ஒரே வலையைப் பழகிய கை.

இறுதியாக என் உடன் ஆசிரியர்களுக்கு ஒரு சொல். மாணவன் தானாக முறை மாற்றமாட்டான். நாம் குறிப்புச் சொல்லிக்கொண்டிருக்கும்வரை அவன் எழுதிக்கொண்டுதான் இருப்பான். பாடத்திட்டம் முடிக்க வேண்டுமென்ற நெருக்கடி உண்மையானது. அதனை நானும் சுமந்திருக்கிறேன். எனினும் வாரத்தில் ஒரு பாடவேளையைக் குறிப்பின்றி நடத்துவது எவராலும் இயலும். அந்தப் பாடவேளையில் தமிழாசிரியர் ஒரு செய்யுளை மாணவரைக்கொண்டே பாடுவிக்கட்டும். வரலாற்றாசிரியர் ஒரே நிகழ்ச்சிக்கு இரு சாட்சியங்களை முன்வைத்து, எதை ஏன் நம்புகிறாய் என்று கேட்கட்டும். அளவையியலாசிரியர் ஊர்ச் சந்தையிலே கேட்ட வாதமொன்றைப் பலகையில் எழுதி உடைக்கச் சொல்லட்டும். புவியியலாசிரியர் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லட்டும். அது எந்தப் பாடசாலைக்கும் தொலைவில் இல்லை. ஒரு தவணை இவ்வாறு செய்து பார்த்து, தவணைப் பரீட்சைத் தாள்களை முன்னைய தவணைத் தாள்களோடு ஒப்பிட்டு நோக்குவோமாக. அத்தாள்களில் மாணவர் தம் சொற்களில் எழுதிய வாக்கியங்கள் எத்தனை என்று எண்ணினாலே போதும். முறை மாறியதா என்பது தெரிந்துவிடும்.